முப்பத்து நாலாவது புளியங்கொட்டை

போன வாரம் பள்ளி அலுவலகத்திலிருந்து கீதா போனில் கூப்பிட்டாள். ஓய்வு பெறும்வரை நான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவள் அவள்.

“அக்கா, ஒரு நல்ல சேதிங்க. இந்த வருசத்துலயிருந்து ஆறாங்கிளாஸ் அட்மிசனுக்கு யாரும் போயித் தூரம் அளக்க வேண்டாமுங்க. ஊட்டு அட்ரசைப் போட்டாக் கம்ப்யூட்டரே மேப்புல கோடு இழுத்து எத்தனை மீட்டர்னு சொல்லிப்போடுது. பீரோவுக்கு அடியில ஒரு தகர டப்பாவுல பழைய டேப் கெடக்குதுங்க. தூக்கிப் போட்டுறட்டுங்களா?”

“போட்டுறாதே. நான் வாரேன்,” என்றேன்.

“அதுல அப்படி என்னுங்க்கா இருக்குது?”

போனில் சொல்லி முடிகிற சங்கதியில்லை. அவளுக்கு என்னவோ பழைய சாமான் மேல் எனக்குப் பாசம் என்று நினைப்பு. பாசமெல்லாம் ஒன்றுமில்லை. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

எனக்கு வேலை கருணை அடிப்படையில் வந்தது. அரசுப் பணியில் இருந்தபோதே அப்பா பவானியில் இறந்துபோனார். அவருடைய வேலைக்குப் பதிலாக இளநிலை உதவியாளர் வேலை எனக்கு வந்தது. தட்டச்சு, கோப்பு எழுதுவது, பதிவேடு போடுவது எல்லாம் நாலு அலுவலகங்களில் நாலு பேரிடம் திட்டு வாங்கிக் கற்றுக்கொண்டேன். அதில் உருப்படியான பாடம் ஒன்றே ஒன்று. எந்தக் குறிப்பையும் ‘தங்கள் தக்க உத்தரவுக்காகச் சமர்ப்பிக்கப்படுகிறது’ என்று முடித்துவிட்டால் எந்தப் பழியும் நம் தலையில் விழாது. இதை நம்பித்தான் இருபது வருடத்துக்கு மேல் நிம்மதியாகத் தூங்கினேன்.

கடைசியாக வந்து சேர்ந்த இடம் மேட்டுப்பாளையம் ரோட்டில், துடியலூர்ப் பக்கத்தில் இருந்த ஓர் அரசுப் பெண்கள் மேல்நிலைப் பள்ளி. பேர் வேண்டாம். அரசுப் பள்ளிகளில் பிள்ளைகள் குறைந்துகொண்டே போகிறார்கள் என்று நாடே கவலைப்பட்ட காலத்தில், பிள்ளைகள் அதிகமாக வருகிறார்கள் என்று கவலைப்பட்ட பள்ளி அது. ஆறாம் வகுப்பு ஆங்கில வழியில் எண்பது இடம். விண்ணப்பம் இருநூறைத் தாண்டும். நல்ல ஆசிரியர்கள், நல்ல ரிசல்ட், கட்டணம் கிடையாது. இந்த மூன்றும் ஒரே இடத்தில் இருந்தால் கூட்டம் வராமல் என்ன செய்யும்?

நான் சேர்ந்தபோது கடிதக் காலம் நடந்துகொண்டிருந்தது. யாராவது பெரிய மனிதரின் கடிதத்தோடு வருகிற பிள்ளைக்கு இடம். ஒரு வார்டு பிரமுகர் எண்பது இடத்துக்கு நூற்றுப் பத்துக் கடிதம் கொடுத்தார். எல்லாவற்றிலும் ‘இவர் எனக்கு மிக நெருங்கிய உறவினர்’ என்று ஒரே வாசகம். அப்படி ஒரு குடும்பத்துக்குக் கல்யாணச் சாப்பாடு போட்டால் அந்த மனிதர் என்ன ஆவார் என்று நினைத்துப் பாவப்பட்டிருக்கிறேன்.

அடுத்து வந்தது வரிசைக் காலம். முதலில் வருபவருக்கு முதலிடம். ஜனங்கள் விடிவதற்கு முன்பே வந்து கேட் முன்னால் செருப்பைக் கழற்றி வைத்து இடம் பிடித்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். ஒரு வருடம் தெருநாய் ஒன்று வரிசையில் முதலாவதாக இருந்த செருப்பைக் கவ்விக்கொண்டு ஓடிவிட்டது. அந்த அப்பா நாயின் பின்னால் ஓட, இரண்டாவது செருப்புக்காரர் தன் செருப்பை ஓர் அடி முன்னால் நகர்த்திவைக்க, அன்றைக்குப் போலீஸ் வந்தது. அதோடு வரிசையும் முடிந்தது.

அப்போது தலைமையாசிரியையாக வந்தவர் மரகதம் மேடம். கஞ்சி போட்ட நூல் சேலை, நெற்றியில் பட்டையாக விபூதி, யாரிடமும் குரல் உயர்த்தாத சுபாவம். யார் வந்து எதைக் கேட்டாலும் “பாத்துக்கலாமுங்க” என்பார். முடியும் என்றாலும் அதுதான், முடியாது என்றாலும் அதுதான். கேட்டவர் சந்தோஷமாகவே போவார்.

அவரிடம் இன்னொரு பழக்கம் இருந்தது. கோப்பில் பென்சிலில்தான் எழுதுவார். மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர் பச்சை மையில் கையெழுத்துப் போடலாம். அந்த உரிமைக்காகவே பதவி உயர்வுக்குக் காத்திருப்பவர்கள் உண்டு. இவர் பச்சைப் பேனாவை மூடி கழற்றாமல் மேசையில் வைத்திருப்பார். என் குறிப்பின் ஓரத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு டிக், அல்லது ஒரு கேள்விக்குறி. பிரச்சினை வந்தால் ரப்பர் இருக்கிறது. நான் என் ‘தக்க உத்தரவு’க்கு அவர் பக்கம் தள்ள, அவர் பென்சிலால் என் பக்கம் தள்ள, நாங்கள் இருவரும் சேர்ந்து எத்தனையோ முடிவுகளை யாருமே எடுக்காமல் எடுத்திருக்கிறோம்.

தூரத்தை வைத்து இடம் கொடுக்கலாம் என்பது பள்ளி மேலாண்மைக் குழுவின் யோசனை. பள்ளி வாசலிலிருந்து நடந்து போகிற வழியில் ஒரு கிலோமீட்டருக்குள் வீடு இருந்தால்தான் விண்ணப்பம் செல்லும். அதற்குள் பக்கத்திலிருப்பவருக்கு முன்னுரிமை. தூரத்துக்குச் சிபாரிசு கிடையாது, சாதி கிடையாது, நாயும் கவ்வ முடியாது. குழுவில் எல்லோரும் கைதட்டினார்கள். யார் அளப்பது என்ற பேச்சு வந்ததும் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

அளக்கிற முறையை நானும் உடற்கல்வி ஆசிரியை விமலாவும் சேர்ந்து வகுத்தோம். விமலாவிடம் நீளம் தாண்டுதலுக்கு அளக்கிற முப்பது மீட்டர் டேப் இருந்தது. பள்ளியின் முன் கேட்டுக் கீல் தொடக்கம். வீட்டு நிலைப்படி முடிவு. டேப்பின் தொடக்க முனையில் இருந்த வளையத்தை நான் பிடித்துக்கொள்வேன். விமலா டேப்பை விரித்துக்கொண்டே முன்னால் போய் முப்பதில் நின்று ரோட்டில் சாக்பீஸ் கோடு போடுவார். நான் அந்தக் கோட்டுக்கு வருவேன். ஒரு விரிப்பு முடிந்ததும் விண்ணப்பித்த பெற்றோர் கையில் ஒரு புளியங்கொட்டை கொடுப்போம். எண்ணிக்கை அவர்கள் கையிலேயே இருந்தால் பிறகு சண்டை வராது பாருங்கள். முப்பத்து மூன்று கொட்டை வரைக்கும் பெற்றோர் சிரித்துப் பேசிக்கொண்டே வருவார்கள். முப்பத்து நாலாவது கொட்டை கையில் விழுந்தால் ஆயிரத்து இருபது மீட்டர். கணக்குத் தெரிந்த முகம் அங்கேயே சுருங்கிவிடும்.

அந்த டேப்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பிள்ளைகள் பள்ளி மைதானத்தில் நாலரை மீட்டர் தாண்டுவார்கள். மாவட்டப் போட்டிக்குப் போனால் அதே பிள்ளைகள் மூன்றரை. வருடா வருடம் இதே கதை. “வெளியூரு மண்ணு நம்ம புள்ளைகளுக்கு ஒத்துக்கறதில்லீங்க,” என்பார் விமலா. நாங்களும் பாவம் என்று நம்பினோம்.

அளக்கப் போன வீடுகளில் பார்த்த கூத்துக்குக் குறைவில்லை. ஒரு வீட்டில் குடியிருப்பதாகச் சொன்ன குடும்பத்துக்குத் தங்கள் வீட்டு பாத்ரூம் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. இன்னொரு வீட்டில் அடுப்பு புதிது, சிலிண்டர் புதிது, அடுப்பின் மேல் ஒட்டிய விலைச்சீட்டும் புதிது. அவர்களையெல்லாம் திருப்பி அனுப்பும்போது எனக்குக் கொஞ்சம் கர்வமாகக்கூட இருந்தது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்று என் காதுபடவே சொல்வார்கள். பூசாரி வளையத்தைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து நடந்தாள்.

மூன்றாவது வருடம் ரேவதி வந்தாள். பம்ப் மோட்டார் கம்பெனியில் செப்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றுகிற வேலை. புருஷன் லாரியில் போனால் மாதக்கணக்கில் வரமாட்டான். பெரியவள் தர்ஷினி ஆறாவதுக்கு, சின்னவள் பக்கத்து ஆரம்பப் பள்ளியில் நாலாவதுக்குப் போகிறாள்.

“டீச்சர், எங்கூடு எங்கீன்னு நீங்க அலைய வேண்டாமுங்க. உங்க காம்பவுண்டுச் செவுத்துக்கு அக்கட்டத்தான்,” என்றாள். பள்ளிக்கூடத்தில் யார் உட்கார்ந்திருந்தாலும் ஜனங்களுக்கு டீச்சர்தான்.

சொன்னது உண்மை. பள்ளியின் பின்சுவரை ஒட்டி ஆறு குடித்தனம் உள்ள லைன் வீடு. அதில் கடைசி வீடு. ஆனால் விதி நடந்து போகிற வழியைக் கேட்கிறதே. முன் கேட்டில் தொடங்கி, மெயின் ரோட்டில் போய், மூடிக் கிடந்த ஓர் இரும்பு வார்ப்புப் பவுண்டரியை முழுசாகச் சுற்றிச் சந்துக்குள் நுழைந்து போனோம். ரேவதி கம்பெனிக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டுக் கொட்டைகளைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டே வந்தாள். தர்ஷினி எங்களுக்கு முன்னால் ஓடிக் கல்லையெல்லாம் தள்ளிவிட்டு டேப்புக்கு வழி பண்ணினாள். அவள் வீட்டு நிலைப்படியில் முப்பத்து நாலாவது விரிப்பு சரியாக முடிந்தது. கடைசிக் கொட்டையைக் கொடுத்தேன்.

ரேவதிக்குக் கணக்குத் தெரியாது. “சேரியாப் போச்சுங்களா டீச்சர்?” என்று கேட்டாள்.

நான் வாய் திறப்பதற்குள் தர்ஷினி விரலை உயர்த்தி, “இருங்க, இப்ப மணியடிக்கும். அஞ்சாவது பீரியட் முடியுது,” என்றாள். சொல்லி வாய் மூடவில்லை, சுவருக்கு அந்தப் பக்கம் எங்கள் பள்ளி மணி கணகணவென்று அடித்தது. “டெய்லி கேப்பனுங்க. ஏழாம் வகுப்பு மிஸ் வாய்ப்பாடு சொல்றதும் கேக்கும்.”

“தூரம் அதிகமா வருது அம்மணி,” என்றேன் ரேவதியிடம்.

அவள் சுவரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். “ஏனுங் டீச்சர், இதுக்கும் மேல பக்கத்துல ஊடு வேணும்னா நாங்க உங்க ஸ்கூல் கெணத்துக்குள்ளதானுங்க குடியிருக்கோணும்,” என்றாள். பிறகு குரல் தாழ்ந்தது. “நான் ஏழு மணிக்குக் கெளம்புனா ஆறு மணிக்குத்தானுங்க ஊட்டுக்கு வாரேன். வேற ஸ்கூல்னா ரெண்டு பஸ்சு மாறோணும். பொட்டப்புள்ளையத் தனியா ரெண்டு பஸ்சுல உட எனக்குத் தைரியம் இல்லீங்க. இது இல்லீன்னா நிறுத்திப்போட்டு ஊட்டுலதான் வெக்கோணும்.”

அந்தச் சுவரில் ஒரு காலத்தில் பின் கேட் இருந்தது. வேறு நிறச் செங்கல்லால் அடைத்த அடையாளம் எங்கள் எதிரிலேயே தெரிந்தது. நான் சேர்ந்த முதல் வருடம், அந்த வழியாக ஆடுகள் நுழைந்து விழாவில் நட்ட மரக்கன்றுகளைத் தின்றுவிட்டன. ‘பின்புற வாயிலை நிரந்தரமாக அடைக்கலாம்’ என்று குறிப்பு எழுதியது யார் என்றால் நான்தான். கன்றுகள் தண்ணீர் ஊற்றாமல் அந்தக் கோடையிலேயே காய்ந்துபோயின. சுவர் மட்டும் திடமாக நின்றது.

அலுவலகத்துக்கு வந்து, ‘விதிப்படி தூரம் கூடுதல்’ என்று எழுதி மேடத்திடம் வைத்தேன். ஓரத்தில் பென்சில் டிக் விழுந்தது. அத்தோடு நான் எழுந்து வந்திருக்க வேண்டும். வழக்கமாக அப்படித்தான் வருவேன். அன்றைக்கு வரவில்லை.

“மேடம், அந்தப் புள்ளைக்கு நம்ம பெல் டைம் நம்ம வாட்ச்மேனை விட நல்லாத் தெரியுதுங்க,” என்றேன்.

“ரூல் நடக்கற வழிங்க சாந்தா. செவுத்தைத் தாண்டிக் குதிக்கற வழி இல்லீங்களே.”

“அப்போ வழி பண்ணலாமுங்க மேடம்.”

பின் கேட்டைத் திறக்கலாம் என்று அங்கேயே குறிப்பு எழுதினேன். முடிவில் ‘தக்க உத்தரவுக்காக’ என்று எழுதவில்லை. ‘திறக்க வேண்டும்’ என்று எழுதினேன். மேடம் அதை இரண்டு தடவை படித்தார். பென்சிலை எடுத்தார், வைத்தார். பச்சைப் பேனாவின் மூடியைக் கழற்றினார். பல நாள் எழுதாத பேனா, உடனே எழுதவில்லை. உதறி, பழைய கவரின் மேல் கிறுக்கிப் பார்த்து, அதன் பிறகு ‘திறக்கவும்’ என்று எழுதி முழுக் கையெழுத்துப் போட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பச்சை மைக்கு அழுத குமாஸ்தா உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

இரண்டு நாளில் சுவர் உடைந்து கேட் வந்தது. பின் கேட்டுக் கீலிலிருந்து ரேவதி வீட்டு நிலைப்படிக்கு ஒரு விரிப்புக்கூட முழுசாக வேண்டியிருக்கவில்லை. பத்தொன்பது மீட்டர். சேர்க்கைப் பட்டியலில் தர்ஷினி முதல் பெயர். ரேவதி கம்பெனி சீருடையிலேயே ஓடி வந்து எனக்கும் விமலாவுக்கும் ஆளுக்கொரு முழம் மல்லிகைப்பூ கொடுத்தாள். அலுவலகத்தில் யாரிடமும் எதுவும் வாங்காதவள் நான். அன்றைக்கு வாங்கித் தலையில் வைத்துக்கொண்டேன்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். ஊரெல்லாம் சொல்லிப் பெருமையடித்திருப்பேன்.

லைன் வீட்டுச் சொந்தக்காரர் ரங்கசாமி ஒரு மனுவோடு வந்தார். பள்ளி மணிச் சத்தத்தில் தூக்கம் கெடுகிறது என்று அதற்கு முன் மூன்று மனு கொடுத்தவர். இந்தத் தடவை சத்தத்தைப் பற்றிப் பேச்சில்லை.

“ஒண்ணுமில்லீங்க மேடம். என்ற ஊட்டுக்கும் உங்க கேட்டுக்கும் எத்தனை தூரம்னு நீங்க அளந்தீங்கல்ல, அதை ஒரு பேப்பர்ல எழுதி சீல் வெச்சுக் குடுத்தீங்கன்னாப் போதும்.”

மனு என்று வந்தால் பதில் தர வேண்டும். கேட்டது உண்மை விவரம். மறுக்க விதியில் இடமில்லை. நல்ல கையெழுத்தில் ‘பத்தொன்பது மீட்டர்’ என்று எழுதிச் சீல் வைத்துக் கொடுத்தேன். அவர் அதை லேமினேட் செய்து லைன் வீட்டு வாசலில் ஆணியடித்து மாட்டினார். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது என்பார்களே, எங்கள் குரங்குக்குச் சீல் வைத்த சான்றிதழ் வேறு இருந்தது.

அரையாண்டுப் பரீட்சை சமயத்தில் வாடகை இரண்டு மடங்கானது. அடுத்த சேர்க்கைக்குள் ஆறு குடித்தனமும் காலி. ஐந்தாவது படிக்கிற பெண் பிள்ளைகள் உள்ள ஆறு குடும்பங்கள் புதிதாக வந்தன. நாலு பேர் அந்தச் சந்துக்குள் கார் நிறுத்த இடம் கேட்டுச் சண்டை போட்டார்கள். ரேவதி நாலு கிலோமீட்டர் தள்ளி ஒரு வீடு பார்த்துப் போனாள். சேர்ந்த பிள்ளையை வெளியேற்றச் சொல்லி விதி இல்லாததால் தர்ஷினி எங்களிடமே படித்தாள். தினமும் இரண்டு பஸ் மாறி வந்தாள்.

காலை வணக்கத்துக்குத் தாமதமாக வருகிறவர்களை ஓரமாக நிறுத்துவோம். தர்ஷினி அடிக்கடி அங்கே நிற்பாள். நான் அந்தப் பக்கம் பார்க்காமல் போகப் பழகிக்கொண்டேன்.

இன்னொரு வருடம் ஓடியது. மரகதம் மேடம் ஓய்வு பெற்று மகள் வீட்டுக்குப் போனார். விமலாவும் மாற்றலாகிப் போக, அந்த இடத்துக்குச் சின்ன வயதில் ஒரு பெண் வந்தாள். விளையாட்டு விழாவுக்கு மணல் குழியைச் சரிபண்ணிக்கொண்டிருந்தவள் டேப்பைத் தூக்கிக்கொண்டு என் மேசைக்கு வந்தாள்.

“மேடம், இதுல மொதல் மீட்டரையே காணமுங்க.”

யாரோ எப்போதோ, முனை கிழிந்துபோன டேப்பை ஒன்று என்ற எண்ணில் வெட்டி, அங்கே வளையத்தைக் கட்டி, மேலே கருப்பு ஒயர் டேப்பைச் சுற்றியிருக்கிறார்கள். சுற்றைப் பிரித்ததும் வளையத்துக்கு அடியில் ஒன்று தெரிந்தது. முப்பது மீட்டர் என்று நாங்கள் விரித்ததெல்லாம் இருபத்தொன்பது. எங்கள் பிள்ளைகளை வெளியூர் மண் ஒன்றும் செய்யவில்லை. மாவட்ட டேப்பில் முதல் மீட்டர் இருந்தது, அவ்வளவுதான். இத்தனை வருடம் அந்த வளையத்தைக் கையில் பிடித்திருந்தவள் நான். ஒரு நாளாவது அதைத் திருப்பிப் பார்த்திருக்கலாம்.

ஆயிரத்து இருபதில் விரிப்புக்கு ஒரு மீட்டராக முப்பத்து நாலைக் கழித்தால் தொள்ளாயிரத்து எண்பத்தாறு. இதைப் போட எனக்குக் காகிதம்கூட வேண்டியிருக்கவில்லை. பள்ளி வாசலிலிருந்து நடந்து போகிற வழியில், விதி கேட்டபடியே, ரேவதி வீடு ஒரு கிலோமீட்டருக்குள்தான் இருந்திருக்கிறது. அந்த வருடம் ஒரு கிலோமீட்டருக்குள் எண்பது பேர்கூடத் தேறவில்லை, இடம் நிச்சயம் கிடைத்திருக்கும். சுவரை உடைத்திருக்க வேண்டாம். சான்று எழுதியிருக்க வேண்டாம். அந்தக் கடைசி வீட்டில் அவர்கள் பாட்டுக்கு இருந்திருப்பார்கள்.

பதிவேட்டை எடுத்து, ஆயிரத்து ஒன்றிலிருந்து ஆயிரத்து முப்பத்து நாலு மீட்டர் வரை என்று நான் எழுதித் திருப்பி அனுப்பிய பெயர்களைத் தேடினேன். பதினொரு பேர். பட்டியலைப் புதுத் தலைமையாசிரியையிடம் கொண்டுபோனேன். “அந்தப் பிள்ளைங்கெல்லாம் இந்நேரம் வேற எங்கியோ படிச்சிட்டிருப்பாங்க. முடிஞ்ச கோப்புங்க அது,” என்று சொல்லிவிட்டுப் புது டேப் வாங்கக் கையெழுத்துப் போட்டார்.

மனசு ஆறவில்லை. மரகதம் மேடத்துக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். தொள்ளாயிரத்து எண்பத்தாறா என்று இரண்டு தடவை கேட்டார்.

“பென்சில்லயே எழுதியிருக்கலாமுங்க சாந்தா,” என்றார் கடைசியில்.

கீதா, உனக்குத்தான் சொல்கிறேன். கம்ப்யூட்டர் கோடு இழுக்கட்டும், நல்லதுதான். அந்தக் கோட்டை அது எங்கேயிருந்து இழுக்கத் தொடங்குகிறது என்று நான் வருவதற்குள் ஒரு தடவை பார்த்துவை.

என் கடைசிச் சேர்க்கை நாளில் ரேவதி திரும்பவும் வந்தாள். இந்தத் தடவை சின்னவளுக்கு. அக்கா படிக்கிறாள் என்பதற்காகத் தங்கைக்கு இடம் கொடுக்க எங்கள் விதியில் வழி கிடையாது. முகவரியைப் பார்த்தேன். புது டேப்பானாலும் பழைய டேப்பானாலும் அது நாலு கிலோமீட்டர்தான்.

“ரெண்டு பேரும் சேந்து வந்தாப் பஸ்சுல ஒருத்திக்கு ஒருத்தி தொணையா இருக்குமுங்க. அதுக்குத்தான் கேக்கறேன். அளக்க வாரீங்களா டீச்சர்?” என்றாள்.

இவளிடம் சொல்லாமல் ஓய்வு பெற முடியாது என்று தோன்றியது. உட்காரவைத்துப் பழைய டேப்பை மேசை மேல் எடுத்துப் போட்டேன். வளையத்தைக் காட்டினேன். கிழிந்த மீட்டரைச் சொன்னேன். அவளுக்குப் புரிகிற மாதிரி, விரிப்புக்கு ஒரு மீட்டர் என்று விரல் விட்டு எண்ணிக் காட்டினேன். என்னை வாய்க்கு வந்தபடி திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் டேப்பைக் கையில் எடுத்து, வெட்டுப்பட்ட முனையை விரலால் தடவிப் பார்த்தாள்.

“அப்போ, அன்னைக்கு நீங்க அளந்தப்பவே நாங்க பக்கத்துலதான் இருந்தமுங்களா?”

“ஆமா அம்மணி.”

“அந்தச் செவுரு அப்படியே இருந்திருந்தாலும்?”

“ஆமா.”

டேப்பை மேசை மேலேயே திருப்பி வைத்தாள். பிறகு எழுந்து, நான் இன்னும் சீல் வைக்காத விண்ணப்பத்தைக் காட்டினாள்.

“இது செல்லாதுங்களா?”

“செல்லாது.”

“அப்போ அதை எனக்கே குடுத்துருங்க டீச்சர். பின்னாடிப் பக்கம் வெறும் பேப்பராத்தான் இருக்குது. சின்னவ கணக்குப் போட்டுப் பழகிக்குவா.”

அலுவலகக் காகிதம் ஒன்றைக்கூட நான் யாருக்கும் வெளியே கொடுத்ததில்லை. அதைக் கொடுத்தேன். நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, “வாரேனுங்க,” என்று சொல்லிவிட்டு ரேவதி போனாள். முன் கேட் வழியாக, முதல் பஸ்ஸைப் பிடிக்க.